மருந்தைச் செய்தது செடியா, செடிக்குள் வாழும் பூஞ்சையா?

1960-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த வேதியியல் மாநாடு ஒன்றில் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் வாசித்த கட்டுரையை அரங்கில் இருந்த பலர் நம்பவில்லை. மெக்சிகோவின் ஆஸ்டெக் வைத்தியர்கள் பல நூறு ஆண்டுகளாகச் சடங்குக்கும் சிகிச்சைக்கும் பயன்படுத்திய ‘ஒலோலியுக்கி’ விதைகளில் எர்காட் ஆல்கலாய்டுகள் இருப்பதாக அவர் அறிவித்திருந்தார். அந்த வேதிப்பொருள்கள் அதுவரை பூஞ்சைகளில் மட்டுமே காணப்பட்டவை. ரை தானியக் கதிர்களைத் தாக்கும் கிளாவிசெப்ஸ் என்ற பூஞ்சையிலிருந்துதான் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரினும், ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் எர்கோட்டமைனும் கிடைத்தன. நம் ஊர்க் கம்பிலும் சோளத்திலும் தேன் ஒழுகல் நோயை உண்டாக்குவதும் இதே பேரினம்தான். பூக்கும் கொடி ஒன்று பூஞ்சைக்குரிய பொருளை எப்படித் தயாரிக்கும்? ஹாஃப்மனின் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக எர்காட் ஆராய்ச்சி நடந்துவந்தது. அங்கிருந்த ஏதோ ஒன்று விதை மாதிரியில் கலந்துவிட்டது என்றே சந்தேகித்தார்கள்.

மற்ற ஆய்வகங்களும் சோதித்த பிறகு, கலப்படம் இல்லை என்பது உறுதியானது. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் லைஸ்ட்னர், உல்ரிக்கே ஷ்டைனர் ஆகியோரின் குழு அந்தக் கொடியின் குடும்பத்துச் செடி ஒன்றுக்குப் பூஞ்சைக்கொல்லி கொடுத்துப் பார்த்தது. செடி நன்றாகவே இருந்தது. ஆல்கலாய்டுதான் காணாமல் போனது. இலையின் மேல்தோலில், எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுற்றி, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூஞ்சை படர்ந்திருந்ததும், ஆல்கலாய்டு தயாரிக்கும் மரபணுக்கள் அந்தப் பூஞ்சையுடையவை என்பதும் தெரியவந்தன. 2011-இல் அதற்குப் பெரிகிளாண்டுலா என்ற புதிய பேரினப் பெயர் சூட்டினார்கள். விதை வழியாகத் தாய்ச்செடியிலிருந்து சேய்ச்செடிக்குச் செல்லும் இந்தப் பூஞ்சையைச் செடியிலிருந்து பிரித்துத் தனியே வளர்க்க அவர்களால் முடியவில்லை. ஹாஃப்மன் காலத்திலிருந்தே இப்படியொரு பூஞ்சை இருக்குமென ஊகிக்கப்பட்டுவந்த இன்னொரு கொடி, தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் நீலப்பூ ஐப்போமியா. அதன் பூஞ்சையை 2025-இல்தான் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள்.

ஆஸ்டெக் வைத்தியர் பறித்தது கொடியின் விதையை. அவர் நாடிய குணமோ அந்தக் கொடியோடு கூடி வாழ்ந்த பூஞ்சையின் கைவேலை. உலகின் மருத்துவ மரபுகள் ‘மூலிகை’ என்று கைகாட்டும் செடிகளில் இன்னும் எத்தனை இப்படிப்பட்டவை? கடந்த முப்பது ஆண்டுகளாகத் தாவரவியலாளர்களையும் மருந்தியலாளர்களையும் பூஞ்சையியலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கும் கேள்வி இது.

தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் புதராக மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அதே ஐப்போமியா பேரினத்தைச் சேர்ந்ததுதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. இதைத் தொடர்ந்து மேயும் ஆடுகள் நரம்புக் கோளாறால் தள்ளாடும். அதற்குக் காரணமான ஸ்வைன்சோனின் என்னும் ஆல்கலாய்டைத் தயாரிப்பது செடிக்குள் வாழும் ஒரு பூஞ்சை என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. விதையைப் பூஞ்சைக்கொல்லியால் நேர்த்தி செய்து முளைக்க வைத்தால் வளரும் செடியில் அந்த நஞ்சு இல்லை. ஆட்டைத் தள்ளாட வைக்கும் இதே ஸ்வைன்சோனின் புற்றுநோய்க்கு எதிராக மனிதர்களிடமும் சோதிக்கப்பட்ட பொருள்.

இலைக்குள் இருப்பவை

செடியின் இலை, தண்டு, பட்டை, வேர் ஆகியவற்றின் உள்ளே நோய்க்குறி எதையும் காட்டாமல் வாழும் நுண்ணுயிர்களை ‘எண்டோஃபைட்’ என்று அறிவியல் அழைக்கிறது. அவற்றில் பூஞ்சையாக இருப்பவற்றைத் தமிழில் அகவாழ் பூஞ்சை என்று சொல்லலாம். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆண்டன் டி பாரி 1866-இலேயே இந்தச் சொல்லை வழக்கில் கொண்டுவந்தார். உறவு அதைவிட மிக மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான கல்லாகிப்போன செடிகளின் திசுக்களுக்குள்ளும் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிகின்றன. தாவரங்கள் நிலத்தில் காலூன்றிய தொடக்க காலத்திலேயே பூஞ்சைகள் அவற்றுக்குள் இருந்திருக்கின்றன.

புல்லினங்களின் சில பூஞ்சைகளும் ஐப்போமியாவின் பூஞ்சைகளும் விதை வழியாகப் பரம்பரையாக வருகின்றன. மரங்களில் நிலைமை வேறு. துளிர் இலை வெளிவரும்போது அதில் பூஞ்சை அநேகமாக இருப்பதில்லை. காற்றிலும் மழைத்துளியிலும் வரும் வித்துகள் இலைமேல் படிந்து, முளைத்து, உள்ளே நுழைகின்றன. முற்றிய இலையில் இவை நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் எண்ணிக்கை இன்னும் கூடும். பனாமாவின் மழைக்காட்டில் எலிசபெத் ஆர்னால்டும் அவருடைய குழுவினரும் இரண்டே வகை மரங்களின் ஆரோக்கியமான இலைகளிலிருந்து தோற்றத்தில் வேறுபட்ட 418 பூஞ்சை வடிவங்களைப் பிரித்தெடுத்து 2000-இல் வெளியிட்டார்கள். உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது 2017-இல் வெளியான மதிப்பீடு. பெயரிடப்பட்டவை அதில் மிகச் சிறு பங்கு. மீதியில் ஒரு பெரும்பகுதி வெப்பமண்டல இலைகளுக்குள் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இத்தகைய எண்ணிக்கைகளே காரணம்.

இவற்றைப் பிடிக்கும் முறை எளிமையானது. நோயில்லாத இலையை ஓடும் நீரில் கழுவி, எத்தனாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் சிறிது நேரம் முக்கி எடுத்தால் மேற்பரப்பில் ஒட்டியிருப்பவை எல்லாம் செத்துவிடும். பிறகு கிருமி நீக்கிய நீரில் அலசி, சிறு துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்குச் சாறும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்த அகார் கூழின்மேல் வைக்கிறார்கள். பாக்டீரியா முந்திக்கொள்ளாமல் இருக்கக் கூழில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். சில நாளில், சில சமயம் சில வாரங்களில், வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகவோ கருப்பாகவோ இழைகள் நீளும். வெளியே இருந்தது வந்துவிட்டதா என்று அறிய, சுத்தம் செய்த இலையை இன்னொரு தட்டின் கூழில் ஒருமுறை அழுத்தி எடுத்துப் பார்ப்பார்கள். அந்த அச்சில் எதுவும் முளைக்காவிட்டால், முதல் தட்டில் வளர்ந்தது உள்ளிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

யூ மரமும் ஐம்பது நானோகிராமும்

அகவாழ் பூஞ்சைகளை மருந்துலகம் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு மரத்தின் பட்டை. அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் மெதுவாக வளரும் யூ மரத்தை அங்குள்ள பழங்குடிகள் வில்லுக்கும் துடுப்புக்கும் மருந்துக்கும் பயன்படுத்திவந்தார்கள். 1962-இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆர்தர் பார்க்லே வாஷிங்டன் மாநிலக் காட்டிலிருந்து அதன் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்றோ வாலும் மன்சுக் வாணியும் அதிலிருந்து டாக்ஸாலைப் பிரித்து 1971-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். செல் பிரியும்போது உருவாகும் நுண்குழல்களை இது கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். பிரிய முடியாத புற்றுச்செல் இறக்கிறது. 1992-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பட்டையை உரித்தால் மரம் சாகும். ஒரு கிலோ டாக்ஸாலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை, அதாவது சுமார் 3,000 மரங்கள் வேண்டும். நோயாளிக்கு மருந்தா, காட்டுக்கு மரமா என்ற கடுமையான வாக்குவாதம் அமெரிக்காவில் எழுந்தது. அந்த நேரத்தில், 1993-இல், மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த கேரி ஸ்ட்ரோபல், ஆண்ட்ரியா ஸ்டியர்ல், டொனால்ட் ஸ்டியர்ல் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யூ மரத்தின் உட்பட்டையில் வாழும், அவர்கள் டாக்ஸோமைசஸ் ஆண்ட்ரியானே என்று பெயரிட்ட ஒரு பூஞ்சை, தனியே வளர்த்தபோதும் டாக்ஸாலைத் தயாரிக்கிறது என்றது அது.

உலகெங்கும் ஆர்வம் பற்றிக்கொண்டது. மரத்தை வெட்ட வேண்டாம், பென்சிலினைப் போலத் தொட்டியில் வளர்த்து எடுக்கலாம் என்ற நம்பிக்கை. ஆனால் அளவு? ஒரு லிட்டர் வளர்ப்பு நீர்மத்தில் 24 முதல் 50 நானோகிராம். நோயாளிக்கு ஒரு தடவை ஏற்றும் மருந்து சுமார் 300 மில்லிகிராம் என்று கொண்டால், அந்த ஒரு தடவைக்கே 60 லட்சம் லிட்டர் நீர்மம் தேவைப்படும். 1996-இல் இமயமலை யூ மரத்திலிருந்து எடுத்த பெஸ்டலோட்டியாப்சிஸ் என்ற பூஞ்சையில் லிட்டருக்கு 60, 70 மைக்ரோகிராம் கிடைத்ததாக ஸ்ட்ரோபலின் குழு அறிவித்தது. ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்வு. அப்படியும் தொழிற்சாலைக்குப் போதாது.

இதைவிட ஆழமான ஐயம் பின்னர் வந்தது. யூ மரத்தில் டாக்ஸால் உருவாகச் சுமார் இருபது வேதிப்படிகள் தேவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. டாக்ஸோமைசஸின் மரபணுத் தொகுதியை ஜெர்மானிய ஆய்வாளர்கள் முழுமையாகப் படித்து 2013-இல் வெளியிட்டபோது, யூ மரத்தின் அந்த மரபணுக்களை ஒத்தவை எதுவும் அதில் தென்படவில்லை. மரத்திலிருந்து பூஞ்சைக்கோ, பூஞ்சையிலிருந்து மரத்துக்கோ மரபணுக்கள் தாவியிருக்கும் என்ற கவர்ச்சியான கருத்துக்கு இது பலத்த அடி. மறுபுறம், கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சமே சோலிமானும் மனிஷ் ரைசாடாவும் 2015-இல் வேறொரு காட்சியைக் காட்டினார்கள். யூ மரத்தில் கிளை அரும்பும் இடங்களில் பட்டை வெடிக்கும். நோய்ப் பூஞ்சைகள் நுழைவது அந்த விரிசல் வழியாகத்தான். மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சை அங்கே போய்ச் சேர்ந்து, டாக்ஸால் அடங்கிய, நீரில் கரையாத துகள்களை வெளியிட்டு வழியை அடைக்கிறது என்கிறது அவர்களின் ஆய்வு. டாக்ஸால், பித்தியம், பைட்டோஃப்தோரா போன்ற செடிநோய்க் கிருமிகளைக் கொல்லும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். மனிதனுக்குப் புற்றுநோய் மருந்தாக அமைந்தது மரத்துக்குக் காவல் மருந்து. அதை யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பதில் விவாதம் இன்னும் முடியவில்லை.

மருந்துத் தொழில் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து முன்பொருளை எடுத்து டாக்ஸாலாக மாற்றும் முறையும், பின்னர் யூ மரச் செல்களையே தொட்டியில் வளர்க்கும் முறையும் வந்து பட்டை உரிப்பதை நிறுத்தின. இலையை ஆண்டுதோறும் பறித்தாலும் மரம் தழைக்கும்.

ஏழாவது தலைமுறை

பூஞ்சைக்கும் மரத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை இன்னும் நெருக்கமாகக் காட்டியது கேம்ப்டோதெசின். வாலும் வாணியும் பங்கேற்ற ஆய்வில், சீனாவின் நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்ற கேம்ப்டோதீகா மரத்திலிருந்து 1966-இல் கிடைத்த பொருள் இது. இதன் வழிவந்த டோப்போடீகான், இரினோடீகான் ஆகிய இரு புற்றுநோய் மருந்துகளும் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டஸ் என்ற சிறுமரத்தில் ஏராளமாக இருப்பதை 1972-இல் வெளியிட்டவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பிறகு பம்பாயின் சீபா ஆய்வு மையத்துக்குச் சென்றவர். அந்த மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் கேம்ப்டோதெசினைத் தயாரிப்பதாக 2005-இல் ஜம்முவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

ஜெர்மனியின் டார்ட்மண்டில் சௌவிக் குசாரியும் மைக்கேல் ஸ்பிட்டெல்லரும் சீன மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த ஃபியூசேரியம் சொலானி என்ற பூஞ்சையை வைத்து நடத்திய ஆய்வுகள் இந்தத் துறையின் திருப்புமுனை. கேம்ப்டோதெசின் தயாரிப்பின் தொடக்கப் படிகளுக்கு வேண்டிய மூன்று நொதிகளின் மரபணுக்கள் பூஞ்சையிடம் இருந்தன. நடுவில் வரும் ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் என்ற முக்கிய நொதி மட்டும் இல்லை. அதை மரத்திடமிருந்து பெற்றே வேலையை முடிக்கிறது என்று அவர்கள் 2011-இல் முன்வைத்தார்கள். அரிசியை ஒருவர் களைந்து வைக்க இன்னொருவர் உலையேற்றுவது போல ஒரே பொருள் இரண்டு உயிர்களின் கைமாறி உருவாகிறது. கேம்ப்டோதெசின், டி.என்.ஏ. முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமெரேஸ் நொதியை முடக்கிச் செல்லைக் கொல்லும். அதைத் தயாரிக்கும் பூஞ்சை சாகாமல் இருப்பது எப்படி? மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில் பூஞ்சையின் நொதி சற்றே மாறியிருக்கிறது. தன் நஞ்சிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது முன்பே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது.

ஆனால் ஆய்வகத்தில் தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்க்க வளர்க்க அந்தப் பூஞ்சை மருந்து தயாரிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஏழாவது முறை மாற்றி வளர்த்தபோது மரபணுக்களே சிதையத் தொடங்கியிருந்தன. திறன் குன்றிய பூஞ்சையை உயிருள்ள மரத்துக்குள் திரும்பச் செலுத்தி, குடியேற விட்டு, மறுபடி எடுத்தும் பார்த்தார்கள். இழந்த திறன் மீளவில்லை.

இந்தத் தேய்மானம் பல ஆய்வகங்கள் சந்தித்த ஒன்று. காட்டில் எதிரிகள் உண்டு, மரத்தின் வேதிச் சமிக்ஞைகள் உண்டு, பக்கத்தில் பாக்டீரியாவும் வேறு பூஞ்சைகளும் உண்டு. சர்க்கரை நிறைந்த கூழில் தனியே வாழும் பூஞ்சைக்கு விலையுயர்ந்த வேதிப்பொருளைச் செய்யும் அவசியம் இல்லை. அதனால்தான் இப்போது இரண்டு பூஞ்சைகளைச் சேர்த்து வளர்ப்பது, இலைச்சாற்றைக் கூழில் கலப்பது, உறங்கும் மரபணுக்களைச் சில வேதிப்பொருள்களால் எழுப்புவது என்று பல வழிகளில் முயல்கிறார்கள்.

நம் மூலிகைகளுக்குள்

இந்தியாவின் மூலிகைகளிலும் இத்தகைய கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன. 2011-இல் திப்பிலிக்குள் வாழும் பெரிக்கோனியா என்ற பூஞ்சை, திப்பிலிக்கும் மிளகுக்கும் காரம் தரும் பைப்பரினைத் தயாரிப்பதாகவும், அது ஆய்வகத்தில் காசநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்துவதாகவும் இந்திய ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு தெரிவித்தது. 2012-இல் வேப்பமரத்திலிருந்து எடுத்த யூபெனிசிலியம் என்ற பூஞ்சையில் அசாடிராக்டின் கண்டறியப்பட்டது. வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிருக்குத் தெளிக்கும் உழவர் நம்பியிருப்பது அந்தப் பொருளைத்தான்.

நித்தியகல்யாணியின் கதை இவற்றைவிடப் பெரிது. மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடி தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகவே பயிரிடப்பட்டுவந்தது. ரத்தப் புற்றுநோய்க்கும் வேறு சில புற்றுநோய்களுக்கும் தரப்படும் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இதிலிருந்து வருகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை. இந்தச் செடிக்குள் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சை ஒன்று இரண்டு மருந்துகளையும் தயாரிப்பதாக புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் 2013-இல் அறிவித்தது. அளவு லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம். மறுபக்கத்தில், செடியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் பொருத்தி முப்பது படிகளைக் கடந்து வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் தயாரித்த ஆய்வு 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஈஸ்டும் பூஞ்சையே. இயற்கையில் கிடைத்த பூஞ்சையை நம்புவதா, மரபணு பொருத்திய பூஞ்சையை நம்புவதா என்ற போட்டியில் இப்போதைக்கு இரண்டாவது பாதை முந்தி நிற்கிறது.

இந்த அறிவிப்புகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒரு நிதானம் வேண்டும். நானோகிராம் அளவையும் கருவிகள் காட்டிவிடும். இலையிலிருந்து வந்த பூஞ்சை இழையில் இலையின் பொருளே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கதிரியக்கக் குறியிட்ட மூலப்பொருளைப் பூஞ்சைக்கு ஊட்டி, அது மருந்தில் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. தயாரிப்புக்கான மரபணுத் தொகுப்பைக் கண்டுபிடித்து, அதை முடக்கினால் மருந்தும் நிற்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. ஐப்போமியாவின் எர்காட் ஆல்கலாய்டு விஷயத்தில் மரபணு வரை சான்று இருக்கிறது. மேலே சொன்ன மற்ற பலவற்றில் அது வந்து சேர வேண்டும். அறிவிப்புக்கும் மருந்துக்கடைக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்லாமல் ‘வேம்பின் ரகசியம் வெளியானது’ என்று எழுதுவது வாசகருக்கும் வேம்புக்கும் செய்யும் அநியாயம்.

மூலிகை என்றால் அதற்குள் தனிச்சிறப்பான பூஞ்சை இருந்தே தீரும் என்ற எண்ணத்தையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. சென்னை மயிலாப்பூரில் இயங்கும் விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி. எஸ். சூரியநாராயணன் பல பத்தாண்டுகளாக நீலகிரி, முதுமலைக் காடுகளின் இலைகளுக்குள் வாழும் பூஞ்சைகளை ஆராய்ந்துவருகிறார். அவருடைய குழு கண்ட முக்கியமான உண்மைகளில் ஒன்று, சில பூஞ்சைகள் மரம் பார்த்துக் குடியேறுவதில்லை என்பது. ஃபில்லோஸ்டிக்டா கேப்பிடாலென்சிஸ் என்ற இனம் முள்காடு முதல் ஈரக்காடு வரை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்ப மரங்களின் இலைகளில் கிடைத்தது. ஆகவே ஒரு மூலிகையில் கிடைத்த பூஞ்சை அதற்கே உரியதா, பக்கத்திலுள்ள எல்லா மரங்களிலும் இருப்பதா என்று பார்த்த பிறகே அதன் குணத்தை மூலிகையோடு இணைத்துப் பேச முடியும்.

ஜூனிபரிலிருந்து மாத்திரைக்கு

செடியின் மருந்தையே பூஞ்சையிடமும் எதிர்பார்த்த தேடல் பெரும்பாலும் நானோகிராமில் முடங்கியது. பூஞ்சை தனக்கெனச் செய்துகொள்ளும் பொருளைத் தேடியவர்களுக்கு வேறு பலன் கிடைத்தது.

ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஜூனிபர் செடியின் இலைகளை ஸ்பெயினில் சேகரித்து ஆராய்ந்த மெர்க் நிறுவன ஆய்வாளர்கள், ஹார்மோனிமா என்ற அகவாழ் பூஞ்சையிலிருந்து என்ஃபுமாஃபஞ்சின் என்ற பொருளைப் பிரித்து 2000-இல் வெளியிட்டார்கள். மற்றப் பூஞ்சைகளின் செல்சுவர் குளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலியால் ஆனது. அதைப் பின்னும் நொதியை இது தடுக்கிறது. மனிதச் செல்லுக்குச் சுவரே இல்லாததால் குறி தெளிவானது. இதில் வேதி மாற்றங்கள் செய்து உருவாக்கிய ஐப்ரெக்ஸாஃபன்ஜெர்ப் என்ற மாத்திரைக்கு, பெண்களின் பிறப்புறுப்பில் கேண்டிடா பூஞ்சையால் வரும் தொற்றுக்காக, 2021 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இதே நொதியைத் தடுக்கும் முந்தைய மருந்துகளை ஊசி வழியாகத்தான் ஏற்ற முடியும். இது விழுங்கக்கூடியது. மூலிகை இலைக்குள் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து முழுப் பாதையையும் கடந்து மருந்துச்சீட்டு வரை வந்த பொருள் இது.

அந்தத் திசையில் நம்பிக்கை தரும் பிற எடுத்துக்காட்டுகளும் உள்ளன. சீன மருத்துவத்தில் மூட்டுநோய்க்குத் தரப்படும் ‘இடிக்கடவுள் கொடி’யின் தண்டுப் பூஞ்சையிலிருந்து, மனிதத் தோல் நோய்ப் பூஞ்சைகளைக் கொல்லும் கிரிப்டோகேண்டினை ஸ்ட்ரோபலின் குழு 1999-இல் பிரித்தது. அதே ஆண்டு காங்கோவின் கின்ஷாசாவுக்கு அருகே பறித்த இலை ஒன்றிலிருந்து வந்த பூஞ்சையில், இன்சுலின் ஏற்பியைத் தூண்டும் ஒரு சிறு மூலக்கூற்றை மெர்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். நீரிழிவுள்ள எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்கியது. ஊசியில்லாத இன்சுலின் என்ற கனவுக்கு அது முதல் தடயம். ஹோண்டுராஸின் தோட்டம் ஒன்றில் வளர்ந்த இலவங்கப்பட்டை மரத்துக்குள் மஸ்கோடர் ஆல்பஸ் என்ற பூஞ்சை கிடைத்தது. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட மரம் அது. இந்தப் பூஞ்சை வெளிவிடும் 28 ஆவிப்பொருள்களின் கலவை சுற்றியுள்ள பல பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் தொடாமலே கொல்கிறது. தனித்தனியாக எடுத்தால் எதற்கும் அந்த வலிமை இல்லை.

ஏன் மூலிகைகளைக் குறிவைத்துத் தேட வேண்டும்? ஸ்ட்ரோபல் தம் தேடலுக்கு வைத்திருந்த விதிகள் தெளிவானவை. கடுமையான சூழலில் பிழைத்திருக்கும் செடி, மக்கள் நெடுங்காலம் மருந்தாகக் கையாண்ட செடி, ஓரிடத்துக்கே உரிய செடி, உயிர்வளம் மிகுந்த காட்டின் செடி. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வெட்டுக்காயத்துக்கு வைத்துக் கட்டும் ‘பாம்புக்கொடி’யைத் தேடிப்போனபோது, அதன் தண்டில் மருந்து எதிர்ப்புப் பெற்ற கிருமிகளையும் அடக்கும் பொருள்களைச் செய்யும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியா கிடைத்தது. புண்ணை ஆற்றிய அனுபவம் தலைமுறைகளாகச் சொல்லிவந்த குறிப்பு ஆய்வகத்தில் பொருளாகத் தெரிந்தது. ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துவரும் காலத்தில் இந்தக் குறிப்புகள் விலைமதிப்பற்றவை.

அந்த அறிவை வைத்திருப்பவர்களுக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும். அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானபோது, உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி அந்த மக்களுக்கு என்று முடிவானது. உலகம் எடுத்துக்காட்டாகப் பேசும் ஏற்பாடு அது. செடிக்குள் இருக்கும் பூஞ்சைதான் மருந்துக்கு மூலம் என்றால், ‘செடி எங்களுக்குத் தேவையில்லை, தொட்டியில் வளர்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு நிறுவனம் எளிதாகச் சொல்லிவிடலாம். இந்தியாவின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டபோதே நுண்ணுயிர்களையும் உயிரியல் வளமாகக் கணக்கில் சேர்த்தது. எந்தச் செடியில் தேட வேண்டும் என்று கைகாட்டியவருக்கும் அந்தக் கணக்கில் இடம் இருப்பதே நியாயம்.

காட்டின் கணக்கு வேறு. நோத்தபோடைட்டஸ் மரங்கள் கேம்ப்டோதெசினுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில், குறிப்பாக மகாராஷ்டிரப் பகுதியில், பெருமளவு வெட்டப்பட்டிருக்கின்றன. பூஞ்சையை ஒருமுறை பிரித்து உறைகுளிரில் சேமித்துவிட்டால் மரத்துக்கு விடை கொடுத்துவிடலாம் என்று தொடக்கத்தில் நினைத்தவர்கள் உண்டு. ஃபியூசேரியத்தின் ஏழாவது தலைமுறை அந்த எண்ணத்தை உடைத்தது. பூஞ்சைக்கு மரத்தின் நொதி தேவை, மரத்தின் சமிக்ஞை தேவை. இலை வழியாகக் குடியேறும் பூஞ்சைகளுக்கு வித்து பரப்பச் சுற்றியுள்ள மரங்களும் உதிர்ந்த சருகும் ஈரமும் தேவை. திறன் குன்றிய பூஞ்சைக்குப் பதிலாகப் புதியதை எடுக்க வேண்டுமானால், அது கிடைக்கும் ஒரே இடம் காட்டில் நிற்கும் மரத்தின் பட்டை. ஆகவே முழு மரத்தையும் சாய்க்காமல் இலையையும் சிறு கிளையையும் மட்டும் எடுக்கும் அறுவடை முறையும், தோப்பாக வளர்த்துத் தேவையை ஈடுகட்டும் திட்டமும், வெட்டப்பட்ட சரிவுகளில் மறுநடவும் வனத்துறைக்கு மட்டும் உரிய வேலைகள் என்று ஒதுக்க முடியாது. புதிய மருந்துகளுக்கான ஆராய்ச்சிச் செலவில் முதல் வரியாக எழுதப்பட வேண்டியவை அவை.